ஆடாத கயிறு

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஓட்டப்பிடாரத்துக் கரிசலில் பிறந்தவன் நான். எங்கள் ஊர்க் கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தாலே கரையில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். கொத்து வேலைக்கு எத்தனை உயரச் சாரத்தில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள், ஏறுவேன். கீழே மண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் வெள்ளத்தில் உடைந்த பாலத்து வேலையில் நிறுத்தினார்கள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. மேற்கே குளங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக உடைத்துக்கொள்ள, தூத்துக்குடிக்குத் தெற்கே சாத்தோடை கடலைப் பார்த்துக் காட்டு ஓட்டம் ஓடியது. ஓடைக்கு மேலே ஐந்து கண் வைத்த பாலம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் ரோட்டை வெள்ளம் தின்றுவிட்டு, பாலத்தை மட்டும் நடுவில் அநாதையாக விட்டுவிட்டுப் போயிருந்தது.

மழை கொஞ்சம் விட்ட மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. ஆண்கள் உடைமரத்தை வெட்டிக் கட்டுக்கட்டாகப் பள்ளத்தில் அடுக்க, பெண்கள் அதன்மேல் மணலும் கல்லும் சுமந்து கொட்டினார்கள். கட்டிய பாதியை ராத்திரி மழை கரைத்துவிடும். காலையில் மறுபடி முதலிலிருந்து. சோளக்கஞ்சியும் சுட்ட கருவாடும்தான் எல்லோருக்கும் சாப்பாடு. சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு எட்டு நாள் உழைத்ததில் ரோடு பாலத்தைத் தொட்டது.

ஆனால் பாலத்தின் மூன்றாவது தூண் சாய்ந்திருந்தது. நான் நூலில் தூக்குக்குண்டு கட்டி விட்டுப் பார்த்தேன். ஒன்றரைச் சாண் வித்தியாசம் காட்டியது. அது போன வெள்ளத்துச் சாய்வா, இந்த வெள்ளத்துச் சாய்வா என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கரையில் ரேஷன் அரிசி மூட்டையோடு ஏழு லாரி நின்றது. அந்தக் கரையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை பையும் கையுமாக ஜனம் நின்றது. ஓவர்சீர் செந்தில்வேல் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர், எட்டு நாளாகச் சரியாகத் தூங்காத கண்.

"இசக்கியப்பா, அஸ்திவாரம் உக்காந்திருக்கா, தொங்குதா? அது தெரியாம எப்படிய்யா லாரிய விடச் சொல்லுவேன்?" என்றார் என்னிடம்.

தூணுக்கடியில் வெள்ளம் குடைந்த பள்ளத்தில் கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டு கிடந்தது. மூங்கிலை விட்டுப் பார்த்தோம். இரண்டு மூங்கில் ஒடிந்ததுதான் மிச்சம். யாரோ ஒருவர், தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன் எவனையாவது கூட்டிவந்தால் கீழே போய்த் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான் என்றார். கூட்டிவரும் வேலை என் தலையில் விழுந்தது. தண்ணீரை விட்டு அரை நாள் தள்ளி இருக்கலாமே என்று சந்தோஷமாக மாட்டுவண்டியில் ஏறினேன்.

தூத்துக்குடியில் விசாரித்தபோது எல்லோரும் சொன்ன பெயர் கஸ்பார். அவன் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மாதா கோவிலுக்குப் பின்னால், பாதிக் கூரை காற்றில் பறந்துபோன வீடு. முற்றத்தில் நெஞ்சு அகன்ற ஒரு மனிதன் பனையோலையைக் கீறிக்கொண்டிருந்தான். நான் பேசப் பேச முகத்தை வலதுபக்கமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டான். இடது காது கேட்காது என்று பிறகுதான் தெரிந்தது.

"சரி, வாரேன்," என்றான் ஒரே வார்த்தையில். "கடல்ல இறங்கி ஒம்பது மாசமாச்சு. ஒடம்பு துருப்பிடிச்சுக் கெடக்கு."

உள்ளேயிருந்து அவன் மனைவி ஆக்னஸ் வந்தாள். கையில் அகப்பை.

"போறதுன்னா போங்க. கயிறு யாரு பிடிப்பா?"

"எவனாவது பிடிப்பான். ஓடைதான ஏளா, கடலா?"

"எவனாவது பிடிச்சு இழுக்க நீங்க என்ன ஆடா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒக்காருங்க கொத்தனாரே, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவனிடம், "எங்கண்ணன் பிடிக்காம நீங்க தண்ணில கால வைக்கக் கூடாது. வச்சிய, திரும்பி வாரப்ப வீட்டுல நான் இருக்க மாட்டேன்," என்றாள்.

கஸ்பார் ஓலையை வீசிவிட்டு எழுந்து போய்விட்டான். ஆக்னஸ் எனக்குச் சாளை மீன் புளிமுளக் குழம்பும் சோறும் வைத்தாள். சோறு குறைவு, குழம்பு நிறைய. ரேஷன் காலம். சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

"எங்க ஆள்க வழக்கம் ஒமக்குத் தெரியாது. குளிக்கப் போறவன் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவன்தான் மேல நின்னு கயிறு பிடிக்கணும். கூலிக்கு வாரவன் கை சோந்தா விட்டுருவான். கூடப்பிறந்தவன் விடுவானா? விட்டா அறுந்து போறது அவன் தங்கச்சி தாலில்லா?"

"நல்ல வழக்கம்தான் தாயி. அப்போ ஒங்கண்ணனக் கூப்பிட வேண்டியதுதானே?"

"அவியளும் எங்கண்ணனும் பேசி ஒம்பது மாசமாச்சு கொத்தனாரே."

போன மாசியில் ஒரு தீவுக்குப் பக்கத்தில் சங்கு குளிக்கும்போது அண்ணன் இஞ்ஞாசி கயிற்றை ஒரு நொடி பிந்தி இழுத்துவிட்டான். கஸ்பார் மேலே வரும்போது காதில் ரத்தம். கரையேறியதும் ஊர் முழுக்கக் கேட்க, "தங்கச்சி தாலி அறுந்தா ஒனக்கென்னலே?" என்று கத்திவிட்டான். இஞ்ஞாசி ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைச் சுருட்டி மணலில் வைத்துவிட்டுப் போனவன்தான். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான். வேறு கையை நம்பி இறங்க மனசில்லாமல் இவனும் வீட்டில் கிடக்கிறான்.

"ரெண்டு பேரும் கேட்ட வார்த்தையையும் சொன்ன வார்த்தையையும் மென்னுக்கிட்டே கெடக்காங்க. நடுவுல நான் கெடந்து சாகேன்," என்று அகப்பையைத் தொப்பென்று போட்டாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்தாள். பின்னால் தோளில் உப்புப் படிந்த ஒரு நெட்டை ஆள். முற்றத்துக்குள் வராமல் வேலிக்கு வெளியிலேயே நின்றான். அதுதான் இஞ்ஞாசி.

"ஏளா, ஒன் புருசன்ட்ட கேளு, எத்தனை பாகம் ஆழமாம்?" பாகம் என்பது ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்த நீளம்.

அதற்குள் முற்றத்துக்குத் திரும்பியிருந்த கஸ்பார் அவனைப் பார்க்காமல், "மூணு பாகம் இருக்கும்னு கொத்தனார் சொல்லுதாருன்னு ஒங்கண்ணன்ட்ட சொல்லு," என்றான்.

"காது கேக்காமலா நிக்காவ?" என்றாள் ஆக்னஸ்.

வண்டியிலும் அதே கதைதான். ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால், நடுவில் அவள். பேச்சு எல்லாம் அவள் வழியாகத்தான் போய் வந்தது. அவள் வந்ததே அதற்காகத்தான். எனக்குச் சிரிப்பாக வந்தது. அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பாலத்துக்கு வரும்போது மத்தியானம் திரும்பிவிட்டது. மேகம் மூடிக் கிடந்தது. தூணை ஒட்டிப் பனந்தடிகளைக் கட்டிப் பரண் போட்டிருந்தோம். ஒரு காலை வைத்தால் மறு கால் நடுங்கும். தண்ணீர் பரணுக்கு ஒரு முழம் கீழே ஓடியது. நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தூணோ சாய்ந்த தூண். யாரை நம்பி யார் நிற்கிறது?

இஞ்ஞாசி கஸ்பாரின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஒன்பது மாசத்துக்குப் பிறகு ஒருத்தன் உடம்பை ஒருத்தன் தொடுகிறான். இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் நெற்றியில் சிலுவை போட்டு, ஆளை அடிக்கு இழுத்துப்போகும் கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மறைந்தான்.

ஆக்னஸ் வாய்க்குள் செபம் சொல்ல ஆரம்பித்தாள். பிரியதத்தம் என்ற மாதா செபம். கடலில் அதுதான் கடிகாரம். நாலு பிரியதத்தம் முடிந்தால் ஆள் மேலே வர வேண்டும். ஆறு என்றால் ஆபத்து என்று வண்டியில் சொல்லியிருந்தாள்.

இரண்டாவது முடியவில்லை. இஞ்ஞாசி வெறி பிடித்தவன் மாதிரிக் கயிற்றை வாரி இழுத்தான். கஸ்பார் மேலே வந்து இருமினான்.

"ஏளா, ஒங்கண்ணனுக்குக் கை அரிக்கா? இப்பத்தான் தூணத் தொட்டேன்!"

"கயிறு அசஞ்சுது ஏளா. அசஞ்சா இழுக்கணும். பிந்தி இழுத்தேன்னு ஒரு பேச்சு வாங்கினது போதும்."

"நான் அசைக்கல. தண்ணி அசைக்கி."

இரண்டாம் முறையும் அப்படியே. கடலில் கயிறு சும்மா நிற்குமாம். கீழே இருக்கிறவன் அசைத்தால்தான் அசையும். இங்கே ஓடைத் தண்ணீர் கயிற்றைப் பிடித்து விடாமல் உதறிக்கொண்டே இருந்தது. எது ஆள் இழுப்பது, எது தண்ணீர் இழுப்பது என்று இஞ்ஞாசிக்குத் தெரியவில்லை. முகம் வெளிறிவிட்டது.

கஸ்பார் பரணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "இந்தப் பக்கம் கல்லு இருக்கு, ஓவர்சீரய்யா. தண்ணி வார மேல்பக்கம் போய்ப் பாக்கணும். ஏளா, ஒங்கண்ணன்ட்ட சொல்லு. சேத்து மூணு வாட்டி சுண்டுவேன். அப்ப மட்டும் இழுத்தாப் போதும். அது வரைக்கும் இழுக்கக் கூடாது. என்ன ஆனாலும்."

"போதுங்க. வந்துருங்க," என்றாள் ஆக்னஸ். "எனக்கு நெஞ்சடைக்கி. இது கடல் இல்ல. இந்தத் தண்ணிக்கு மூஞ்சியே இல்ல."

"அந்தக் கரையில பாரு, எத்தன பேரு நிக்காவன்னு," என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறை மறைந்தான்.

ஒரு பிரியதத்தம். கயிறு துடித்தது. இஞ்ஞாசி பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காமல் நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு. கயிறு இன்னும் துடித்தது. ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது செபத்தில் கயிறு நின்றது. துடிப்பு இல்லை, அசைவு இல்லை, நேராக நின்றது. இஞ்ஞாசி அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"இந்தா, இப்பத்தான் கடல் மாதிரி நிக்கி," என்றான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் தூக்குக்குண்டு பிடித்தவன் நான். காற்றில் விட்ட நூல் ஆடத்தான் செய்யும். ஆடாமல் நின்றால் நூல் எங்கேயோ தட்டுகிறது என்று அர்த்தம். எந்தக் கொத்தனுக்கும் தெரிந்த விஷயம். கீழே தண்ணீர் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. கயிறு மட்டும் எப்படி நிற்கும்?

சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் யார்? கண்மாயைக் கண்டால் ஓடுகிறவன். கடலையே குடித்து வளர்ந்தவர்களிடம் போய்க் கயிற்றைப் பற்றி நான் என்ன சொல்ல? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு பிரியதத்த நேரம் முழுசாக நின்றேன். ஆக்னஸின் உதடு நாலாவதை முடித்து ஐந்தாவதைத் தொடங்கியதும்தான் என் வாய் திறந்தது.

"ஐயா, கயிறு ஆடலையே... எங்கேயோ தட்டி நிக்கி."

இஞ்ஞாசி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கயிற்றை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இன்னொரு முறை முழு பலத்தோடு இழுத்தான். பரண்தான் ஆடியது.

"பிடியும்!" என்று கயிற்றை என் கையில் திணித்தான்.

"எனக்கு நீச்சல்கூடத் தெரியாதே. நான் என்னத்த... நான் யாரு..."

இடுப்பில் இருந்த கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் குதித்துவிட்டான். அவனுக்குக் கயிறு கிடையாது. அவன் கயிற்றைப் பிடிக்க அங்கே யாரும் கிடையாது.

ஆக்னஸ் என் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். "விட்டுராதிய, அண்ணே," என்றாள். காலையிலிருந்து கொத்தனாரே, கொத்தனாரே என்றவள். "அண்ணே, விட்டுராதிய அண்ணே."

தூணை விட்டுவிட்டேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பரணில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் கண்ணீரா, தெறித்த ஓடைத் தண்ணீரா என்று தெரியாமல் முகம் நனைந்தது. ஆறாவது செபம் முடிந்தது. அவள் அதற்குமேல் எண்ணவில்லை, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொன்னாள். திடீரென்று கயிறு உதறியது. மறுபடியும் உயிர் வந்து துடித்தது.

"இழுங்க!" என்று அலறினாள்.

இழுத்தோம். ஓவர்சீரும் பாய்ந்து வந்து பிடித்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ஒட்டியது. முதலில் முடி தெரிந்தது. பிறகு கஸ்பாரின் சேறு அப்பிய முகம். நான் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்தேன். அவன் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கண் முழுக்கச் சேறு. வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மச்சான்..." என்றான்.

நான் அவனைப் பரணில் ஏற்றினேன். அவன் என் கையை விடவில்லை.

"மச்சான்... அடியில ஒண்ணுமே இல்ல மச்சான். கைய விட்டா அந்தப் பக்கம் போவுது. தூணு சும்மா தொங்குது. லாரிய விட வேண்டாம்னு சொல்லு மச்சான்."

ஒன்பது மாசமாக ஒருத்தன் காத்திருந்த வார்த்தை. அது என் காதில் வந்து விழுந்தது. கேட்க வேண்டியவன் இன்னும் மேலே வரவில்லை. ஆக்னஸ் பரணின் ஓரத்தில் மண்டியிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செபம் சொல்லவில்லை. கஸ்பாருக்கு அதற்குள் நினைவு தப்பிவிட்டது.

தூணின் மேல்பக்கம் வேரோடு வந்த பூவரச மரம் ஒன்று மாட்டிக்கிடந்திருக்கிறது. அதன் கிளையில்தான் கயிறு சிக்கியது. கிளையை வெட்டிக் கயிற்றை விடுவித்ததும் மரம் புரண்டு இஞ்ஞாசியை அடியில் போட்டுவிட்டது. மூன்றாம் நாள் உப்பளத்துப் பக்கம் கிடைத்தான். கத்தி அவன் கையிலேயே இருந்தது.

லாரிகளை விடவில்லை. பனந்தடிகளை அடுக்கி, நடக்கிற அளவுக்கு ஒரு வழி போட்டு, பெண்கள் வரிசையாகத் தலைச்சுமையாக அரிசியை அந்தக் கரைக்குக் கடத்தினார்கள். சுமை போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் அடுத்த மழையில் மூன்றாம் தூண் தானாகவே படுத்துவிட்டது. மேலே ஒரு ஈ காக்கை இல்லை. ஓவர்சீர் கரையில் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தை முழுக்கத் தண்ணீரை அணைகட்டித் திருப்பி, அஸ்திவாரம் தோண்டிப் பாறையைக் கண்டு, புதுத் தூண் எழுப்பினோம். அந்தத் தூணை நான்தான் கட்டினேன். ஒவ்வொரு வரிசைக்கும் குண்டு விட்டேன். நூல் ஆடாமல் நின்றால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

மாசியில் பாலம் திறந்த அன்று கஸ்பாரும் ஆக்னஸும் வந்திருந்தார்கள். அவள் கறுப்புச் சேலையில் இருந்தாள். தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். முதல் லாரி பாலத்தில் ஏறியபோது நாங்கள் மூன்று பேருமே மூச்சை அடக்கிக்கொண்டோம். அது அக்கரை போய்ச் சேர்ந்ததும்தான் விட்டோம்.

கஸ்பார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். மறுபடியும் குளிக்கப் போகவில்லை. துறைமுகத்தில், இஞ்ஞாசி இருந்த இடத்திலேயே, மூட்டை தூக்குகிறானாம்.

"கொத்தனாரே, ஒண்ணு கேக்கணும்," என்றான். "அன்னைக்கு இஞ்ஞாசி என்னப் பிடிச்சு மேல தூக்கினான்லா. அப்ப நான் மச்சான்னு கூப்பிட்டேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. எனக்கு ஒத்தக் காதுதான், அதுலயும் சேறு. அவன் என்ன பதில் சொன்னான்னு கேக்கல. தண்ணி திரும்ப அவன இழுத்துக்கிட்டுப் போறதுக்கு முந்தி ஏதாவது சொல்லியிருப்பாம்லா? நீரு பக்கத்துலதான இருந்தீரு?"

அவனைத் தூக்கிய கை என் கை. அது ஆக்னஸுக்குத் தெரியும், ஓவர்சீருக்குத் தெரியும். இத்தனை நாளாக யாருமே இவனிடம் சொல்லவில்லை. நான் ஆக்னஸைப் பார்த்தேன். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, இலையை விரித்து, சோற்றை எடுத்து வைத்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"சொல்லுங்கண்ணே," என்றாள். "எங்கண்ணன் என்ன சொன்னாவ?"

அவள் குரல் உடையவில்லை. என் குரல்தான் உடைந்தது.

"கயிறு எங்கிட்டதான் இருக்கு மச்சான், பயப்படாதன்னாரு."

கஸ்பார் என் பக்கத்தில் வந்து, கேட்கிற காதை என் வாய்க்கு நேரே கொண்டுவந்தான்.

"இன்னொரு வாட்டி சொல்லும்," என்றான்.

நான் இன்னொரு முறை சொன்னேன்.